பயிற்சி பெற்ற காதுக்கு 320 எம்பி3-யின் குறை உண்மையிலேயே கேட்குமா?

கேள்வி: கொருக்குப்பேட்டை கேசட்

வணக்கம். என் தந்தையார் 1980களின் நடுவிலிருந்து பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். வாடிக்கையாளர் எழுதிக் கொடுக்கும் பட்டியல்படி பாட்டுகளை வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவதுதான் பிழைப்பு என்றாலும், இரவில் கடையை அடைத்த பிறகு பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு சுற்றுவட்டாரத்துக் கானாக் கச்சேரிகளையும், அம்மன் கோயில் திருவிழா நாதஸ்வரத்தையும், பதினாறாம் நாள் காரியத்தில் விடிய விடியப் பாடுகிறவர்களையும் பதிந்து வைப்பது அவருடைய வழக்கம். அவர் காலமான பிறகு சுமார் 400 கேசட்டுகள் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தன. அவற்றில் பாதிக்கு மேல் வேறு எங்கும் பிரதி இல்லாதவை.

இரண்டு மாதங்களாக அவற்றை ஒவ்வொன்றாக டெக்கில் ஓட்டி, ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக மடிக்கணினியில் ஏற்றி வருகிறேன். இதுவரை 60 கேசட்டுகள் முடிந்திருக்கின்றன. இப்போது எந்த வடிவில் சேமிப்பது என்பதில்தான் வீட்டில் தகராறு. என் மைத்துனர், 320 கிலோபிட் எம்பி3-யாக, அதாவது நொடிக்கு 320 கிலோபிட் அளவுக்குச் சுருக்கிய கோப்பாக, வைத்தால் போதும், மூலத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை எந்த மனிதக் காதும் கண்டுபிடிக்காது என்கிறார். மைக்செட் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊறிய என் நண்பர் ஒருவரோ, எம்பி3 எத்தனை கிலோபிட்டாக இருந்தாலும் தமக்குத் தெரிந்துவிடும் என்று அடித்துச் சொல்கிறார்.

பேச்சு முற்றிப்போய், போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனையே வைத்துவிட்டோம். ஒரு கானாப் பதிவின் மூலக் கோப்பையும், நண்பர் தம் கணினியில் அதிலிருந்து எடுத்துக் கொடுத்த 320 எம்பி3-யையும் மாற்றி மாற்றி நான் ஓடவிட்டேன். அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து, இது மூலம், இது எம்பி3 என்று சொல்லிக்கொண்டே வந்தார். பத்து முறையில் ஒன்பது முறை சரி. பிறகு அவர் ஓடவிட நான் சொன்னேன், பத்துக்கு ஐந்து. மைத்துனர் வாயடைத்துப் போனார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பயிற்சியால் காது அந்த அளவுக்குக் கூர்மையாகுமா? ஆகுமென்றால், அது என்னைப் போன்றவர்கள் கற்றுக்கொள்ளக் கூடியதா?

பதில்: வியாசர்பாடி மிக்சிங்

ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்கு ஆம், ஆனால் உங்கள் நண்பர் சொல்கிற பொருளில் இல்லை. எங்கள் காதும் உங்கள் காதும் ஒன்றுதான். சொல்லப்போனால், ஆளுயரப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றே காலத்தைக் கழித்த என் காதைவிட உங்கள் காது நல்ல நிலையில் இருக்கலாம். எந்த நொடியில், எந்த வாத்தியத்தின் எந்த ஓரத்தில் குறை ஒளிந்திருக்கும் என்பது எங்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதுதான் வேறுபாடு.

எம்பி3 எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கினால் இது புரியும். குறுந்தட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்தெடுத்த புள்ளிகள்), மாதிரிக்கு 16 பிட், இரண்டு தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 1,411 கிலோபிட். 128 எம்பி3 என்பது அதில் பதினொன்றில் ஒரு பங்கு. 320 என்றாலும் கால் பங்குக்குக் குறைவுதான். மிச்சத்தை எங்கே வெட்டுவது என்பதைக் காதின் இயல்பை வைத்தே முடிவு செய்கிறார்கள். உரத்த ஓர் ஒலிக்கு அருகிலுள்ள அதிர்வெண்ணில் மெல்லிய ஒலி ஒன்று வந்தால், உரத்தது அதை மறைத்துவிடும். மூலக்கொத்தளத்துச் சந்தை இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் முணுமுணுப்பது கேட்காததைப் போல. அந்த மறைவான இடத்தில் பிட்டுகளைச் சிக்கனம் பிடித்து, அதனால் எழும் இரைச்சலை உரத்த ஒலியின் நிழலிலேயே ஒளித்து வைப்பதுதான் மொத்த உத்தியும். ஒளிக்க நிழல் இல்லாத இடத்தில்தான் அது மாட்டிக்கொள்ளும்.

அப்படிப்பட்ட இடங்களில் முதலாவது, சட்டென்று அடிக்கும் தாள வாத்தியம். எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துக் கணக்கிடுகிறது. வழக்கமான துண்டின் நீளம் சுமார் 26 மில்லிசெகண்ட். அந்தத் துண்டின் நடுவில் தவில் குச்சி விழுகிறது என்று வையுங்கள். பிட் குறைப்பால் எழும் இரைச்சல் அடி விழுந்த இடத்தில் மட்டும் தங்காமல் துண்டு முழுவதும் பரவுகிறது. அதாவது, குச்சி விழுவதற்கு முன்பே ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' கேட்கத் தொடங்கிவிடுகிறது. அடிக்குப் பிந்திய இரைச்சலை நூறு மில்லிசெகண்ட் வரைகூடக் காது மன்னித்துவிடும். முந்திய இரைச்சலைச் சில மில்லிசெகண்டுகளுக்கு மேல் மன்னிப்பதில்லை. இதை நாங்கள் முன்னெதிரொலி என்போம். இதைத் தவிர்க்க, அடி வருவது தெரிந்தால் எம்பி3 சுமார் 9 மில்லிசெகண்ட் நீளமுள்ள குறுந்துண்டுகளுக்கு மாறும். 1997-இல் தரப்படுத்தப்பட்ட ஏஏசி என்ற சுருக்கமுறை இன்னும் குறுகிய துண்டுகளுக்குப் போக முடியும் என்பதால், அடிகளை அது எம்பி3-யை விட நன்றாகக் கையாள்கிறது. வெளிநாட்டுச் சோதனைகளில் இதற்குக் காஸ்டனெட் என்ற ஸ்பானியக் கைத்தாளத்தைப் பயன்படுத்துவார்கள். நம்மிடம் பறையின் சுண்டுகுச்சி இருக்கிறது; அதைவிட நல்ல சோதனைப் பொருள் வேண்டியதில்லை.

இரண்டாவது, கைதட்டலும் ஜால்ராவும். கூட்டம் கைதட்டுவது நூற்றுக்கணக்கான சின்ன அடிகளின் குவியல். குறைந்த பிட்டில் அது மழை தகரக் கூரையில் பெய்வதைப் போல ஒரே கூழாகிவிடும். ஜால்ராவின் இழுப்போ தண்ணீருக்குள் ஒலிப்பதைப் போல நெளியும்.

மூன்றாவது, துணையின்றித் தனித்து ஒலிக்கும் குரல். எம்பி3-யை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசான் வேகா என்ற அமெரிக்கப் பாடகி பக்கவாத்தியம் இல்லாமல் பாடிய ஒரு பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் தம் முறையைச் சீர்படுத்தினார் என்பது துறையில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. பின்னணி இல்லாதபோது இரைச்சலை எதன் பின்னால் ஒளிப்பது? டோலக் தொடங்குவதற்கு முன் கானாப் பாடகர் தனியாக இழுத்துப் பாடும் முதல் இரண்டு வரிகளும் அதே வகைதான். உங்கள் தந்தையாரின் பதிவுகளில் அது நிறையவே இருக்கும்.

கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டீர்கள். ஒரு வார மாலைகள் போதும். ஐந்து நொடித் துணுக்கு ஒன்றை எடுத்து, முதலில் 64 கிலோபிட்டில் கேளுங்கள். குறை அப்பட்டமாகத் தெரியும். அந்தக் குறையின் முகத்தை மனத்தில் பதித்துக்கொண்டு 96, 128, 160 என்று ஏறுங்கள். மேலே போகப் போக அதே முகம் மங்கிக்கொண்டே வரும். எந்தப் படியில் அது உங்களுக்கு மறைகிறதோ அதுதான் உங்கள் எல்லை. நல்ல என்கோடரில், அதாவது எம்பி3-யாகச் சுருக்கும் மென்பொருளில், எடுத்த 320-இல் என் எல்லை பெரும்பாலும் தாண்டிப்போய்விடுகிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கேசட்டுக்கென்று ஒரு செய்தி. 128-இல் 16 கிலோஹெர்ட்சுக்கு மேல் வெட்டிவிடுவார்களே என்று பலர் வருந்துவார்கள். சாதாரணக் கேசட்டில் அந்த உயரத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதால் அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம். நீங்கள் கவனிக்க வேண்டியது நாடாவின் 'ஹிஸ்' ஒலியை. அது ஒழுங்கற்ற இரைச்சல் என்பதால் என்கோடருக்குப் பெருஞ்சுமை. பிட் பற்றாதபோது சீராக இருக்க வேண்டிய ஹிஸ், குருவி கீச்சிடுவதைப் போலத் துடிக்கத் தொடங்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தைக் கேளுங்கள். அங்கேதான் முதலில் தெரியும்.

பதில்: இராயபுரம் 13

எல்லாரும் பேருந்திலும் மெட்ரோவிலும் ப்ளூடூத் இயர்போனில்தான் கேட்கிறோம். அதில் 128-ஆவது 320-ஆவது. 400 கேசட்டையும் 128-இல் போட்டு ஒரு பென்டிரைவில் அடைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள், அண்ணா.

பதில்: பெரம்பூர் ஓய்வூதியர்

தொலைத்தொடர்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தொலைபேசிக் கம்பியில் எத்தனை பிட் கொடுத்தால் பேச்சு புரியும் என்ற கணக்கோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் என்பதால், உங்கள் சோதனையைப் பற்றிச் சில சொற்கள்.

வெறும் ஊகத்தில் சொன்னால் பத்துக்கு ஒன்பதோ அதற்கு மேலோ கிடைப்பதற்கான வாய்ப்பு 1,024-இல் 11, அதாவது நூற்றில் ஒன்று அளவே. ஆகவே உங்கள் நண்பர் குருட்டாம்போக்கில் சொல்லவில்லை. அவருக்கு ஏதோ ஒன்று நிச்சயமாகக் கேட்டிருக்கிறது அல்லது தெரிந்திருக்கிறது. அது எம்பி3-யின் குறைதானா என்பதே என் ஐயம்.

ஓடவிட்டவர் நீங்கள்; எது எது என்று உங்களுக்குத் தெரியும்; அவர் உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நீங்கள் விரும்பாவிட்டாலும் உங்கள் முகமும், கோப்பை மாற்ற நீங்கள் எடுத்துக்கொண்ட நேரமும் அவருக்கு விடை சொல்லியிருக்கும். சீட்டாட்டத்தில் எதிராளியின் கண்ணைப் பார்த்தே கையைக் கண்டுபிடிக்கிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அதனால்தான் முறையான சோதனையில் கேட்பவருக்கும் தெரியாது, நடத்துபவருக்கும் தெரியாது. ஏபிஎக்ஸ் என்று இதற்குப் பெயர். ஏ மூலம், பி எம்பி3. எக்ஸ் இவ்விரண்டில் ஒன்று, எது என்பதைக் கணினி சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும். ஃபூபார்2000 என்ற இலவச மென்பொருளில் இதற்கான இணைப்பு கிடைக்கிறது. எத்தனை முறை செய்வது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நல்ல எண்ணிக்கை வரும்போது நிறுத்திக்கொண்டால் அது சோதனை ஆகாது. பதினாறு முறை என்று வைத்தால், பன்னிரண்டோ அதற்கு மேலோ சரியாக வருவது தற்செயலாக நடக்கும் வாய்ப்பு நூற்றில் நான்குக்குச் சற்றுக் குறைவு.

அடுத்தது ஒலியளவு. எம்பி3-யை எடுத்தவர் நீங்கள் அல்ல, நண்பர். அவர் மென்பொருளில், ஒலியளவைத் தானே மாற்றியமைக்கும் 'நார்மலைஸ்' தேர்வு போடப்பட்டிருந்தால் இரண்டு கோப்புகளின் அளவும் வேறுபட்டிருக்கும். ஒரு டெசிபல் வேறுபாடு கூடச் 'சத்தமாக இருக்கிறது' என்று தோன்றாது. 'தெளிவாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். 0.1 டெசிபலுக்குள் இரண்டையும் சமப்படுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். எம்பி3-யின் தொடக்கத்தில் என்கோடர் சேர்க்கும் சிறு வெற்றிடமும் காட்டிக்கொடுக்கும். ஆகவே எம்பி3-யை மீண்டும் சுருக்கமில்லாத வேவ் கோப்பாக விரித்து, இரண்டும் ஒலியின் அதே புள்ளியில் தொடங்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். ப்ளூடூத் வேண்டாம். அதன் அடிப்படை முறையான எஸ்பிசி, உயர்தர அமைப்பிலேயே சுமார் 328 கிலோபிட்டுக்கு ஒலியை மறுபடியும் சுருக்கித்தான் அனுப்புகிறது. மூலக் கோப்பும் அந்தச் சல்லடையில் இறங்கித்தான் காதுக்கு வரும். இராயபுரத்துத் தம்பி சொல்வது பயணத்தில் கேட்பதற்குச் சரி. பரணில் இருப்பதைப் பாதுகாப்பதற்கு அது அளவுகோல் ஆகாது.

பயிற்சியைப் பற்றி வியாசர்பாடி நண்பர் சொன்னதற்கு ஒரு பழைய நிகழ்ச்சி சான்று. 1990களின் தொடக்கத்தில், ஐரோப்பிய எண்ம வானொலிக்கு எந்தச் சுருக்கமுறையை எடுப்பது என்று முடிவு செய்ய ஸ்வீடன் வானொலி பெரிய அளவில் ஒரு சோதனை நடத்தியது. தேர்ந்த கேட்போர் 60 பேர், ஏறத்தாழ 20,000 மதிப்பீடுகள். தேறிய முறையில் பதிந்த ஒலிநாடா, பார்ட் லோகான்தி என்ற அமெரிக்க ஒலிப் பொறியாளரிடம் போனது. அவர் தனியாக உட்கார்ந்து கேட்டு, 1.5 கிலோஹெர்ட்சில் ஒரு வேண்டாத ஒலி ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். அவர் சொன்ன பிறகு மற்றவர்களுக்கும் அது கேட்டது. அறுபது தேர்ந்த காதுகளுக்குத் தப்பியது ஒரே ஒரு சொல்லால் கேட்கத் தொடங்கியது என்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே, 'சோதனையில் யாரும் கண்டுபிடிக்கவில்லை' என்பதையே 'யாராலும் முடியாது' என்று எடுத்துக்கொள்வதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் மைத்துனரிடம் இதையும் சொல்லுங்கள்.

மறுபக்கமும் உண்டு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒலிப்பொறியாளர்களும் இசைக்கலைஞர்களுமாகப் பதின்மூன்று பேர் குறுந்தட்டுத் தரத்தையும் எம்பி3-யையும் ஒப்பிட்டார்கள். 192 கிலோபிட் வரை அவர்கள் குறுந்தட்டையே தெளிவாக விரும்பினார்கள். 256-க்கும் 320-க்கும் வந்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. இசைக்கலைஞர்களைவிடப் பொறியாளர்களே நன்றாகப் பிரித்தறிந்தார்கள் என்பதும் அதில் தெரியவந்தது.

'தேர்ந்த கேட்போர்' என்பதும் யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளும் பட்டம் அல்ல. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ் 1116 பரிந்துரைப்படி நடக்கும் சோதனையில், ஒவ்வொரு முறையும் மூலத்தின் பிரதி ஒன்றையும் பெயர் சொல்லாமல் சேர்த்துவிடுவார்கள். கேட்பவர் 5 முதல் 1 வரை மதிப்பெண் போடுவார். 5 என்றால் வேறுபாடே தெரியவில்லை, 1 என்றால் சகிக்க முடியவில்லை. மறைத்து வைத்த மூலத்துக்கே குறைந்த மதிப்பெண் போடுகிறவருடைய தாள்கள் கணக்கில் சேராது. இருபது ஆண்டு அனுபவம் இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

பதில்: திருவொற்றியூர் வீணை

நான் வீணை ஆசிரியை. பொறியியல் எனக்குத் தெரியாது. பெரம்பூர் ஐயா கடைசியில் சொன்னது, இசைக்கலைஞர்களைவிடப் பொறியாளர்கள் நன்றாகப் பிரித்தறிந்தார்கள் என்பது, எனக்குச் சிறிதும் வியப்பாக இல்லை. கச்சேரிப் பதிவைக் கேட்கும்போது என் மனம் கமகத்தின் வளைவிலும் அடுத்த பிடி எங்கே போகிறது என்பதிலும் இருக்கும். பதிவு தேய்ந்திருந்தால், விட்டுப்போனதை என் மனமே இட்டு நிரப்பிக்கொள்ளும். சுருதி ஒரு மயிரிழை விலகினால் எனக்கு உடனே உறுத்தும்; ஒலியில் அழுக்கு சேர்ந்தால் அந்த அளவுக்கு உறுத்துவதில்லை.

பல ஆண்டுகள் மாணவிகளுக்குப் பயிற்சிக்காக ஒரு தம்புராப் பதிவை அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள், மைலாப்பூரிலிருந்து ரயில் மாறி வரும் பன்னிரண்டு வயதுக் குழந்தை ஒருத்தி, "டீச்சர், தம்புரா ஏன் அழுகிற மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். பக்கத்தில் உண்மையான தம்புராவை மீட்டிவிட்டுப் பதிவைப் போட்டால்தான் எனக்கே உறைத்தது. தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா என்ற நூல் கொடுக்கும் அந்த ரீங்காரம் சீராக எழுந்து பரவாமல் நடுங்கி நடுங்கி வந்துகொண்டிருந்தது. கோப்பைப் பார்த்த என் மகன் 64 கிலோபிட் என்றான். அன்று முதல் அந்தப் பதிவை என்னால் கேட்கவே முடியவில்லை. தம்பி, கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், ஆனால் கற்றுக்கொண்டதை மறப்பதற்கு வழி கிடையாது. உங்களிடம் இருக்கும் பழைய பாட்டுகள் பலவும் அதற்குப் பிறகு உங்களுக்குக் கெட்டுப்போகும்.

கேட்டவர்: கொருக்குப்பேட்டை கேசட்

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. பெரம்பூர் ஐயா சொன்னபடியே மீண்டும் செய்தோம். இங்கே நாள் முழுவதும் கன்டெய்னர் லாரிகளும், ரயில்வே யார்டில் பெட்டிகளை இணைக்கும் இடிச் சத்தமும் என்பதால், இரவு ஒரு மணிக்கு மேல் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கம்பி ஹெட்போனில், வியர்க்க வியர்க்கச் சோதித்தோம்.

முதலில் ஓர் ஒப்புதல். நண்பர் எடுத்துக் கொடுத்த எம்பி3 மூலத்தைவிட 1.2 டெசிபல் உரக்க இருந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. மென்பொருளில் அந்தத் தேர்வு என்றைக்கோ போட்டபடியே கிடந்திருக்கிறது. அளவைச் சமப்படுத்திய பிறகு, ஏபிஎக்ஸ் முறையில் அவருக்கு 128-இல் பதினாறுக்குப் பதினாறு, 192-இல் பதின்மூன்று, 320-இல் ஒன்பது. ஒன்பதைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. ஜால்ராவும் கைதட்டலும் சேர்ந்து வரும் வேறொரு துணுக்கை எடுத்து 320-இல் மறுபடி முயன்றார், பன்னிரண்டு வந்தது. மகிழ்ச்சி தாங்கவில்லை. பல துணுக்குகளை மாற்றி மாற்றி முயன்றால் ஏதாவது ஒன்றில் பன்னிரண்டு வரத்தானே செய்யும் என்று மைத்துனர் சொன்னதால், அதே துணுக்கை மறுநாள் இரவும் வைத்தோம். எட்டு வந்தது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். 128-இல் எனக்கு முதல் நாள் பத்துதான் சரி. அதன் பிறகு வியாசர்பாடி நண்பர் எழுதியதைப் போல 64-இலிருந்து தொடங்கிப் பறையின் அடிக்கு முந்திய கணத்தையும், பாட்டுகளுக்கு இடையிலுள்ள ஹிஸ்ஸையும் நான்கு இரவுகள் கேட்டேன். ஐந்தாம் இரவு 128-இல் பதினாறுக்குப் பதினைந்து. அந்தக் குருவிக் கீச்சை ஒருமுறை கேட்டுவிட்ட பிறகு, பாட்டு ஓடும்போதும் அது பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கிறது. திருவொற்றியூர் அம்மா எச்சரித்தது நடந்துவிட்டது. 192-க்கு மேல் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அப்படியானால் 320-ஆகவே வைத்துவிடலாமா?

பதில்: வியாசர்பாடி மிக்சிங்

கேட்பதற்குத் தாராளமாக வைக்கலாம். மூலமாக வைக்க வேண்டாம். 320-இன் இரைச்சல் இல்லாமல் போகவில்லை, நிழலில் ஒளிந்திருக்கிறது. நாளைக்கு நீங்களோ உங்கள் பிள்ளைகளோ ஹிஸ்ஸைக் குறைக்க வேண்டும், மங்கிய குரலைத் தூக்க வேண்டும் என்று ஈக்வலைசரில் கை வைத்தால், நிழல் தரும் ஒலி நகர்ந்து, ஒளிந்திருந்தது வெளியே வந்துவிடும். எம்பி3-யைத் திருத்தி மறுபடி எம்பி3-யாக எடுத்தால் இழப்பின் மேல் இழப்பு. 60 நிமிடக் கேசட் ஒன்று வேவ் கோப்பாகச் சுமார் 635 மெகாபைட். 400 கேசட்டுக்கு 250 ஜிபி-க்குச் சற்று மேல். ஃப்ளாக் என்ற இழப்பற்ற சுருக்கத்தில் போட்டால் அதுவும் கணிசமாகக் குறையும், விரித்தால் ஒரு பிட் மாறாமல் மூலம் திரும்பக் கிடைக்கும். ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றொன்றை மைத்துனர் வீட்டிலும் வையுங்கள்.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். கேசட்டுகளை ஓட்டுவதற்கு முன் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் அலைன்மென்டைப் பார்த்தீர்களா? உங்கள் தந்தையார் பதிந்த கருவியின் ஹெட் சாய்வும் உங்கள் டெக்கின் சாய்வும் ஒன்றாக இல்லாவிட்டால், மேல் அதிர்வெண் ஒலி முழுவதும் மழுங்கிவிடும். நீங்கள் நள்ளிரவில் வியர்த்துத் தேடிய 320-இன் குறையெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இரு தடங்களையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே, ஹெட்டுக்குப் பக்கத்திலுள்ள ஸ்பிரிங் போட்ட திருகாணியைக் காந்தம் ஏறாத சிறிய ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்புங்கள். ஹிஸ் மிகப் பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

கேட்டவர்: கொருக்குப்பேட்டை கேசட்

திருப்பிப் பார்த்தேன். கம்பளிக்குள்ளிருந்து கேட்பது போலிருந்த ஜால்ரா சட்டென்று எதிரே வந்து நின்றது. சமையலறையில் இருந்த என் மனைவி, என்ன மாற்றினீர்கள் என்று அங்கிருந்தே கேட்டார். ஏற்கெனவே முடித்து வைத்த 60 கேசட்டுகளையும் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். நண்பர் இன்று மாலை தம் ஸ்க்ரூடிரைவர் பெட்டியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.